இறுக்கிப் பழகிய கை

போன வாரம் நான் தைத்துக் கொடுத்த ஷூ ஜோடிகளில் பாதியைக் கம்பெனிச் செக்கர் திருப்பி அனுப்பிவிட்டார். தையல் லூஸாம். மூட்டையைக் கொண்டுவந்த ஏஜெண்ட் வாசலிலேயே நின்றுகொண்டு, "இன்னாக்கா, உன் கைதானா இது? உன் மூட்டைன்னா பிரிச்சே பாக்க மாட்டாங்க" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் மூட்டையை உள்ளே இழுத்துப் போட்டேன். பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மைதான். நூல் தோலைக் கவ்விப் பிடிக்காமல் சும்மா மேலே உட்கார்ந்திருந்தது. என் கை கெட்டுப்போய்விட்டது. எங்கே கெட்டது, எப்போது கெட்டது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டுக்குப் போகிற பஸ் எங்கள் ஊரில் நின்று போகும். இங்கே வீட்டுக்கு வீடு இதுதான் வேலை. ஷூவின் மேல்பாகத்தை, அப்பர் என்போம், கம்பெனியிலிருந்து மூட்டையாகக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவார்கள். மெழுகு தடவிய தடித்த நூலால் அதன் முன்பக்கத்தைச் சுருக்கிச் சுருக்கிக் கையால் தைக்க வேண்டும். ஒவ்வொரு தையலுக்கும் இரண்டு கையாலும் நூலை வெடுக்கென்று வெட்டி இழுக்க வேண்டும். சைக்கிள் டியூபை வெட்டி விரலில் சுற்றிக்கொண்டாலும் நூல் சதைக்குள் போய்விடும். இந்த வேலை செய்கிறவளை அடையாளம் கண்டுபிடிக்க முகத்தைப் பார்க்க வேண்டாம், சுண்டுவிரலைத் திருப்பிப் பார்த்தால் போதும். எங்கள் தொழிலில் கெட்ட வார்த்தை என்று ஒன்று இருந்தால் அது லூஸ் என்பதுதான்.

நானும் அக்காவும் ஒரே தெருவில் வாழ்க்கைப்பட்டவர்கள். மதியச் சமையல் முடிந்ததும் என் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய்விடுவேன். கூடத்தில் ஃபேனுக்குக் கீழே காலை நீட்டி உட்கார்ந்து இருவரும் தைப்போம். தோலில் ஊசி லேசில் இறங்காது. தலையில் ஒரு தேய் தேய்த்தால் முடியில் இருக்கும் எண்ணெய் ஊசியில் ஒட்டி, அது பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு போகும். எனக்கு எலிவால் முடி. எங்கள் அம்மா முடியையெல்லாம் மூத்தவளுக்கே கொடுத்துவிட்டு எனக்கு மிச்சத்தைத்தான் கொடுத்தாள். அதனால் நான் என் ஊசியை அக்காவின் தலையில்தான் தேய்ப்பேன்.

"ஏண்டி, என் தல இன்னா எண்ண கடையா?" என்பாள். ஆனால் தலையை என் பக்கம் சாய்த்துக் கொடுப்பாள்.

அந்த முடியைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். பின்னிப் போட்டால் இடுப்புக்குக் கீழே தொங்கும். அவள் அழகி கிடையாது, அது அவளுக்கே தெரியும். முடி ஒன்றுதான் அவளுடைய கர்வம். தெருவில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் அவள் பின்னால் நடக்கிறவர்கள் இரண்டு வார்த்தை பேசாமல் வரமாட்டார்கள். அவளுடைய நாத்தனார், நான் அண்ணி என்று கூப்பிடுகிறவள், பக்கத்து வீட்டில்தான் இருக்கிறாள். அண்ணிக்குச் சவுரி வைத்துத்தான் பின்ன வேண்டும். ஒரு கல்யாணப் பந்தியில் அந்தச் சவுரி கழன்று இலைக்குப் பக்கத்தில் விழுந்துவிட்டது. அதை அக்கா வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அண்ணி எதிரில் இருந்தாலும் விட மாட்டாள். அண்ணியும் அதை மறக்கவில்லை.

அக்காவுக்கு வந்த நோயின் பெயரை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. வயிற்றில் கட்டி என்று சொன்னோம். வேலூர் ஆஸ்பத்திரிக்கு ஆம்பூரிலிருந்து பஸ் ஏறினால் போய்விட்டு வந்துவிடலாம். எங்கள் பக்கத்து ஜனங்கள் அப்படித்தான் போய் வருகிறார்கள். முதலில் நாங்களும் அப்படித்தான் போனோம். மருந்து ஏற்ற ஆரம்பித்து முடி கையோடு வரத் தொடங்கியதும், "நான் ஊருக்கு வரல. இங்கயே ஒரு ரூமைப் பாரு" என்று அக்கா பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். மாமா டேனரி வேலையை விட்டுவிட்டு உடன் இருக்க முடியாது. மகன் ஓசூரில் இருந்தான். எனக்குப் பிள்ளை குட்டி இல்லை, என் வீட்டுக்காரர் ஒரு ஆளாகப் பொங்கித் தின்றுகொள்வார். அதனால் நான் போனேன்.

ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில் லாட்ஜ். வாசலில் பெங்காலி எழுத்தில் போர்டு. வங்காளத்திலிருந்து வைத்தியத்துக்கு வந்து தங்குகிறவர்கள்தான் அந்தச் சந்து முழுக்க. காய்கறி விற்கிறவர், மருந்துக்கடைக்காரர், ஆட்டோக்காரர் எல்லாரும் தமிழர்கள்தான், ஆனால் பெங்காலியில்தான் கூவினார்கள். மாடியில் பொது அடுப்படி. எந்த நேரமும் கடுகெண்ணெயில் மீன் வேகும் நாற்றம். அக்கா அதற்கே வாந்தி எடுப்பாள். நம் ஜில்லாவுக்குள்ளேயே நாங்கள் இருவரும்தான் வெளியூர்க்காரர்கள் மாதிரி இருந்தோம். அக்காவுக்கு அதுதான் வசதியாக இருந்தது.

அவளே நாவிதரை வரச் சொல்லி மிச்சமிருந்ததை வழித்துக்கொண்டாள். வழிக்கும்போது அழவில்லை. அவர் போன பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "இத பாருடி. எனக்கு இன்னா ஆனாலும் சரி. இந்தத் தலைய நம்ம தெரு பாக்கக் கூடாது. முக்கியமா அவ பாக்கக் கூடாது."

'அவ' என்றால் அண்ணி.

"திருப்பதி போயிட்டு வந்தோம்னு சொல்லிக்கலாம்க்கா. ஊர்ல யாரு மொட்ட போடல?" என்றேன். நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன். எங்கள் பக்கத்தில் அது சாதாரண விஷயம். மொட்டையடித்துச் சந்தனம் பூசிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினால் யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள்.

அக்காவின் முகம் மாறிவிட்டது. மகனுக்குச் சின்ன வயதில் ஜன்னி வந்தபோது அவள் திருப்பதிக்கு முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்த பிறகு மனசு வரவில்லை. மலைக்குப் போய் மூன்று கத்தரி வெட்டிப் பூமுடி கொடுத்துவிட்டு மிச்ச முடியோடு இறங்கிவிட்டாள். "குடுக்கிறேன்னு சொல்லிட்டு குடுக்காம வந்தேன். இப்ப குடுக்காததக் குடுத்தேன்னு சொல்லச் சொல்றியா? அவருக்குத் தெரியாதா?" என்றாள். சாமி அப்படியெல்லாம் கணக்குப் பார்க்குமா, பார்க்காதா என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

புடவைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டால் நழுவியது. துண்டு கட்டினால் வியர்த்தது. ஃபேன் காற்று பட்டால் தலை எரிகிறது என்றாள், ஃபேனை நிறுத்தினால் மூச்சு முட்டுகிறது என்றாள். சந்தில் விற்ற தொப்பிகளில் இரண்டை வாங்கி வந்தேன். உள்தையல் கீறியது. அந்த மருந்து ஏறிய தலை பச்சைப்பிள்ளையின் உடம்பு மாதிரி, எது பட்டாலும் சிவந்துவிடும். தொப்பியைக் கழற்றிச் சுவரோரம் வீசிவிட்டு அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பக்கத்து அறையில் இருந்தவள் பெங்காலி. என் வயதுதான் இருக்கும். அவள் புருஷனுக்கு ரத்தத்தில் நோய். அவர் தூங்கும்போதெல்லாம் அவள் வராந்தாவில் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கொக்கி ஊசியால் ஏதாவது பின்னிக்கொண்டே இருப்பாள். நூலைப் பார்க்கவே மாட்டாள். கண் எதிர்ச் சுவரில் இருக்கும், கை மட்டும் ஓடும். நான் அவள் முன்னால் போய் நின்று என் தலையைத் தொட்டுக் காட்டினேன். பிறகு எங்கள் அறைக் கதவைக் காட்டினேன். அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஸ்டூலில் பாதி இடத்தை ஒதுக்கிக் கொடுத்தாள்.

எங்கள் ஊரில் முஸ்லிம் வீடுகளோடு பழகிப் பழகி எனக்குக் கொஞ்சம் இந்துஸ்தானி வரும். அவளுக்கும் கொஞ்சம்தான் வரும். அந்தக் கொஞ்சத்தில்தான் எங்கள் பாடம் நடந்தது. முதலில் ஒரு சுருக்கு முடிச்சு. அதற்குள் கொக்கியை விட்டு, நூலைக் கோத்து வெளியே இழுத்தால் ஒரு கண்ணி. அந்தக் கண்ணிக்குள் மறுபடி கொக்கியை விட்டு இழுத்தால் அடுத்த கண்ணி. இப்படியே போனால் சங்கிலி. இவ்வளவுதானா என்று நினைத்தேன். தோலையே தைத்தவளுக்கு இது ஒரு வேலையா?

முதல் கண்ணி வந்தது. பழக்கத்தில் வெட்டி இழுத்தேன். இரண்டாவது கண்ணிக்குக் கொக்கி உள்ளே போகவில்லை. குத்தினேன், நூல் பிரிந்ததே தவிர வழி விடவில்லை. பிரித்துவிட்டு மறுபடி போட்டேன். மறுபடியும் அதேதான். அவள் என் கையைப் பிடித்துத் திருப்பிச் சுண்டுவிரல் தழும்பைப் பார்த்தாள். "காம்?" என்று என் வேலையைக் கேட்டாள். "ஜூத்தா, ஷூ" என்றேன். தலையை ஆட்டினாள். "டீலா, தீதி. டீலா" என்றாள்.

எனக்கு அர்த்தம் தெரியும். தளர விடு அக்கா என்கிறாள். அர்த்தம் தெரிந்து என்ன செய்ய? கை கேட்க வேண்டுமே. மனசு தளர்த்து என்கிறது, விரல் இறுக்குகிறது. பல நாள் வெறும் சங்கிலிதான் போட்டேன். அதில் ஒன்றை அக்கா எடுத்துத் தன் மூக்குக்கண்ணாடியில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். "கயிறு கெட்டியா இருக்குதுடி, மாட்டக் கட்டலாம்" என்றாள். நான் செய்து முடித்த முதல் சாமான் அதுதான்.

பிறகு சங்கிலியை வளைத்து வட்டமாக்கவும், வட்டத்தைச் சுற்றிச் சுற்றி அகலமாக்கவும் பக்கத்து அறைக்காரி காட்டிக்கொடுத்தாள். கொக்கி போகாத இடத்தில் நான் பல்லைக் கடித்துக்கொண்டு நுழைத்தேன். எப்படியோ ஒரு தொப்பி வந்துவிட்டது. ஊதா நிற உல்லன். அதை மேஜை மேல் வைத்தால் கவிழ்த்த கிண்ணம் மாதிரி தானாக நின்றது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அக்கா அதை வாங்கியவுடன் தலையில் வைக்கவில்லை. முதலில் செக்கர் மாதிரி உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள். ஓரத்தை இரண்டு பக்கமும் இழுத்தாள். விரல் கணுவால் தட்டினாள். "ஸ்டிச்சிங் ஃபர்ஸ்ட் கிளாஸ். ஒரு சோல் ஒட்டுனா கால்ல போட்டுக்கலாம்" என்றாள்.

இருவரும் சிரித்தோம். லாட்ஜுக்கு வந்த பிறகு அவள் வயிறு குலுங்கச் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்துக்கொண்டே தலையில் மாட்டிக்கொண்டாள். சாயங்காலம் வரைக்கும் கழற்றவில்லை. நன்றாக இருக்கிறது, கதகதப்பாக இருக்கிறது என்றாள். முகம் துடைத்துவிடுவதற்காக நான் கழற்றியபோது பார்த்தேன். தொப்பியின் ஒவ்வொரு சுற்றும் அவள் தலையில் சிவப்பாக அச்சு விழுந்திருந்தது. காதுக்கு மேலே ஒரு இடத்தில் தோல் உரிந்திருந்தது.

"ஏங்க்கா சொல்லல?"

"நீ கஷ்டப்பட்டு செஞ்சது" என்றாள்.

நான் வராந்தாவுக்கு வந்து தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு அவள் மேல்தான் ஆத்திரம் வந்தது. வலிக்கிறது என்று சொன்னால் என்ன? வாய் நீளத்துக்கு ஊரில் பெயர் வாங்கியவள், இதற்கு மட்டும் வாயை மூடிக்கொண்டாள். பக்கத்து அறைக்காரி என்னிடமிருந்து தொப்பியை வாங்கிப் பார்த்தாள். என்னைக் கேட்கவே இல்லை. கடைசி முடிச்சைக் கண்டுபிடித்து நறுக்கிவிட்டு நூலைப் பிடித்து இழுத்தாள். சர்ரென்று சுற்றுச் சுற்றாகக் கழன்றது. என் அத்தனை நாள் வேலையும் அவள் மடியில் சுருள் சுருளாக விழுந்தது. அவள் கன்னத்தில் அறைந்திருப்பேன். தோல் வேலையில் பிரித்துப் போடுவது என்று ஒன்று கிடையாது. ஓட்டை போட்டால் போட்டதுதான், தப்பான இடத்தில் ஊசி இறங்கினால் அந்தத் தோல் செத்தது. அதனால்தான் நாங்கள் எதையும் யோசித்துக் குத்துவோம், குத்தியதை இறுக்குவோம். இவள் தப்பு என்று தெரிந்ததும் இழுத்துவிட்டு, அதே நூலைத் திரும்ப என் கையில் கொடுக்கிறாள். அந்த நூலில் நான் குத்திய தடம் ஒன்றுகூட இல்லை. நெளிவு மட்டும் இருந்தது.

மறுநாள் அவளே வெள்ளைப் பருத்தி நூல் உருண்டை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். உல்லன் வேண்டாம், வெயில் வந்தால் தாங்காது என்று ஜாடையில் சொன்னாள். இந்த முறை கொக்கியில் நூலை ஒருமுறை கூடுதலாகச் சுற்றிப் போடும் உயரமான தையலைக் காட்டினாள். அதில் தையலுக்குத் தையல் இடைவெளி விழும். நான் அவிழ்த்தேன், போட்டேன், அவிழ்த்தேன். மருந்து ஏற்றும் இடத்துக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து போட்டேன். நர்ஸ் அக்காவின் பெயரைக் கூப்பிட்டால் என் கை தானாக இறுகிவிடும். அதைப் பிரித்துவிட்டு மூச்சை விட்டு மறுபடி போடுவேன். மெல்ல மெல்ல விரலுக்குள் ஏதோ விட்டுக்கொடுத்தது. ஒருநாள் நூல் கையில் இருப்பதே தெரியாமல் ஒரு சுற்று முடிந்திருந்தது. நானும் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்படிப் பாதித் தொப்பி ஆகியிருந்தபோது ஒரு மதியம் அக்கா, "குடுடி, நானும் ரெண்டு போட்டுப் பாக்குறேன்" என்றாள். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு கொக்கியை வாங்கினாள். இரண்டு கண்ணி போட்டாள். அவளும் என்னைப் போலவே வெட்டித்தான் இழுத்தாள். மூன்றாவதுக்குக் கொக்கி போகவில்லை. உடனே அவள் கை பழக்கத்தில் மேலே போனது. எண்ணெய் தொட, ஊசியைத் தலையில் தேய்க்க. கொக்கி மொட்டைத் தலையில் பட்டதும் கை அங்கேயே நின்றுவிட்டது.

அவள் கொக்கியை இறக்கி என்னிடம் நீட்டினாள். "இனிமே உன் ஊசிய எங்கடி தேய்ப்ப?" என்றாள். அன்றைக்குத்தான் அவள் முடிக்காக அழுதாள். நானும் அழுதேன். கதவு திறந்திருந்ததால் பக்கத்து அறைக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

தொப்பியின் நெற்றிப் பக்கத்துச் சுற்றுகளைப் போட்டுக்கொண்டிருந்த நாளில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மருந்து கேட்கவில்லை, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் வலியில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பொறுமையாகச் சொன்னார். அவர் நல்லவர். இரண்டு முறை கேட்டேன், இரண்டு முறையும் அதே பொறுமையோடு சொன்னார். வெளியே வந்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சுற்று போட்டேன். போட்டு முடித்த பிறகுதான் பார்த்தேன், அந்தச் சுற்று மட்டும் ஷூத் தையலாக இறுகிக் கிடந்தது. அறைக்கு வந்து பிரிக்கப் போனேன். அக்கா தடுத்தாள். "இருக்கட்டும் வுடு. அந்த ஒரு வரிசதான் தலைல நழுவாம புடிச்சிக்கும்" என்றாள். டாக்டர் என்ன சொன்னார் என்று அவள் கேட்கவே இல்லை. அந்த வரிசையிலேயே படித்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

நாங்கள் கிளம்புவதற்கு முன்பே பக்கத்து அறைக்காரி போய்விட்டாள். ஒரு காலையில் அறை பூட்டியிருந்தது. கொடியில் அவள் துண்டு ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. விடியற்காலையில் ஆட்டோ வைத்துக் காட்பாடி ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்கள் என்று லாட்ஜ்காரர் சொன்னார். இரண்டு பேரும் போனார்களா, அவள் மட்டுமா என்று கேட்டேன். தான் அப்போது தூங்கிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். எனக்கு இன்றுவரை தெரியாது.

அக்கா அந்தத் தொப்பியோடுதான் ஊருக்கு வந்தாள். மார்கழிப் பனி இருந்ததால் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. மார்கழி போய் மாசி வந்தது, வெயில் ஏறியது. அவள் கழற்றவில்லை. இரண்டாவதாக ஒன்று பின்னிக் கொடுத்தேன், அதைத் துவைக்கிற அன்றைக்கு மட்டும் மாட்டிக்கொள்வாள். தலை சிவக்கவில்லை, அரிக்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் அப்பர் தைப்பேன், அவள் தொப்பியோடு படுத்துக்கொண்டு என் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். அண்ணி தினம் கஞ்சி கொண்டுவந்து வைப்பாள். கண் ஒருமுறை தொப்பிக்குப் போகும், திரும்பிவிடும். ஒரு வார்த்தை கேட்டதில்லை. "அவ சமயம் பாத்துனு இருக்கா" என்பாள் அக்கா. நானும் அப்படித்தான் நம்பினேன்.

பங்குனியில் ஒரு மதியம் அக்கா போய்விட்டாள். சாகும்போது நினைவு இருந்தது. கடைசியாக அவள் கையைத் தூக்கியது தொப்பியைக் காதுவரைக்கும் இழுத்துவிட்டுக்கொள்ளத்தான்.

எல்லாவற்றையும் யோசித்திருந்த நான் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. எங்களில் செத்தவர்களைக் குளிப்பாட்டுவதற்கு முன்னால் உறவுப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து தலையில் எண்ணெயும் சீயக்காயும் வைக்க வேண்டும். தெரு முழுக்க வரும். பெஞ்சில் அக்காவைக் கிடத்தி நான்கு பக்கமும் புடவையைப் பிடித்து மறைத்தார்கள். கிண்ணத்தில் நல்லெண்ணெய் வந்தது. ஒரு கிழவி, "தொப்பிய கழட்டுங்கடி. தலைக்கு வெக்கணும் இல்ல?" என்றாள்.

நான் இரண்டு கையாலும் தொப்பியைப் பிடித்துக்கொண்டேன். "வாணாம்" என்றேன்.

"வாணாம்னா? எண்ண வெக்காம அனுப்பறதா? சாங்கியம் இல்லியா?"

"கழட்ட வாணாம். அவ சொல்லிட்டுப் போயிருக்கா."

ஆளுக்கொன்று பேசினார்கள். பைத்தியம் பிடித்துவிட்டது இவளுக்கு என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. ஒருத்தி என் கையை விலக்கப் பார்த்தாள். நான் இறுக்கினேன். அதில்தான் எனக்குப் பழக்கம். ஆனால் எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டு நிற்க முடியும்? வெளியே மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள். மாமா புடவைக்கு அந்தப் பக்கம் நின்று என்ன தாமதம் என்று கேட்டார். எல்லாரும் அண்ணியைப் பார்த்தார்கள். முதல் எண்ணெய் வைக்க வேண்டியவள் நாத்தனார்தான். அவள் கழற்று என்று சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. அவள் சமயமும் இதுதான்.

அண்ணி கிண்ணத்தை வாங்கிக்கொண்டு தலைமாட்டுக்கு வந்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள். அவளுடைய கொண்டையிலிருந்து சவுரியின் நுனி வெளியே வந்திருந்தது. அவள் அதைச் செருகவில்லை.

"தொப்பி மேலயே வெப்போம்" என்றாள். "என் தம்பி பொண்டாட்டி தலைய எனக்குத் தெரியாதா? எதுக்குக் கழட்டணும்?"

கிழவி விடவில்லை. "துணி மேல வெச்சா தலைக்கு எப்டி சேரும்?"

அண்ணி எண்ணெயில் கையைத் தோய்த்துத் தொப்பியின் உச்சியில் வைத்தாள். மூன்று முறை வைத்தாள். பிறகு என்னிடம் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "உள்ள எறங்குதா பாருடி" என்றாள்.

நான் தொப்பியின் ஓரத்தை லேசாகத் தூக்கி யாருக்கும் தெரியாமல் உள்ளே விரலை விட்டேன். நான் விட்டிருந்த இடைவெளிகள் வழியாக எண்ணெய் இறங்கியிருந்தது. அக்காவின் தலை நனைந்திருந்தது. பூனை முடி மாதிரி கொஞ்சம் முளைத்திருந்தது, அதிலும் எண்ணெய்.

"எறங்குது அண்ணி" என்றேன்.